கலங்கல் தெளிந்த குழாய்

ஐந்தாவது முறையும் கட்டிதான். சோதனைக் குழாயின் அடியில் சுண்ணாம்பு போல அது உட்கார்ந்திருந்ததைப் பார்த்ததும் பொன்மணிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இருபது வருடம் பள்ளியில் உயிரியல் நடத்திவிட்டு, நாற்பத்தாறு வயதில் முனைவர் பட்டத்துக்கு வந்தவள். அவளுக்கு வழிகாட்டியான ரிஸ்வானாவுக்கு முப்பத்துமூன்றுதான். மாணவி குருவை மேடம் என்பாள். குரு மாணவியை அக்கா என்பாள். ஆய்வகத்துக்கு அது பழகிப்போயிற்று.

"போதும் மேடம். நாளைக்கு ஆய்வுக்குழு கிட்ட விலகிக்கறேன்னு சொல்லிடறேன்."

"என்ன ஆச்சு?"

"கிருமியைக் கரைக்கற புரதம். அதோட மரபணுவை பாக்டீரியாவுக்குள்ள வெச்சேன். அதுவும் செஞ்சு குடுக்குது. நூத்திமுப்பது அமினோ அமிலமும் வரிசை தப்பல. ஆனா சுருண்டு ஒரு உருவத்துக்கு வராம ஒண்ணோட ஒண்ணு சிக்கிக் கட்டியாயிடுது. உருவம் இல்லாத புரதம் எந்த வேலைக்கு ஆகும்? என் கைக்கு இது வராது மேடம்."

சொல்லி முடிப்பதற்குள் கண் நிறைந்துவிட்டது. ஆத்திரம்தான். இந்த வயதில் இப்படி நிற்கிறோமே என்று வெட்கமாகவும் இருந்தது.

ரிஸ்வானா ஆறுதல் சொல்கிற ஆள் இல்லை. பிப்பெட்டை எடுத்து, பொன்மணியின் கன்னத்தில் இறங்கிய துளியை உறிஞ்சினாள். மேசையில் வேறொரு குழாயில் கிருமிகள் மிதந்த கலங்கல் நீரில் அதை விட்டாள்.

இருவரும் பார்த்துக்கொண்டே நின்றார்கள். பால் மாதிரி இருந்த நீர் மெல்லத் தெளிந்தது. பிறகு குழாய்க்குப் பின்னால் சுவர்க் காலண்டரின் தேதி தெரிந்தது.

"இது யார் செஞ்ச புரதம்க்கா?"

கண்ணீரில் கிருமியைக் கரைக்கும் அதே புரதம் இருக்கிறதென்று இருபது வருடம் பாடம் நடத்தியவள், குழாயைக் கையில் எடுத்துப் பார்த்தாள்.

"அதே சங்கிலிதானே? எனக்குள்ள சரியா வர்றது, பாக்டீரியாவுக்குள்ள ஏன் வரல?"

"பாக்டீரியாவை எப்படி வளர்த்தீங்க?"

"முப்பத்தேழு டிகிரி. நிறைய வரட்டும்னு தூண்டற ரசாயனத்தை ரெண்டு பங்கா ஊத்தினேன். அரைமணிக்கு ஒருதரம் எடுத்தும் பார்த்தேன்."

"பதினெட்டுல வைங்க. ரசாயனம் கால் பங்கு போதும். மெதுவா வந்தாத்தான் சுருண்டுக்க நேரம் கிடைக்கும். விடியற வரைக்கும் வளர்ப்புப் பெட்டிக் கதவைத் திறக்காதீங்க."

"கொஞ்சமாத்தான் வருமே!"

"உங்க கண்ணும் கொஞ்சம் கொஞ்சமாத்தான் செய்யுது."

பொன்மணி புதுக் குடுவையைப் பெட்டிக்குள் வைத்து வெப்பத்தைக் குறைத்தாள். கதவைச் சாத்திவிட்டுத் திரும்பினாள்.

"நாளைக்கு ஆய்வுக்குழு கேட்டா என்ன மேடம் சொல்றது?"

"உருவாகிட்டிருக்கு, அவசரப்படுத்தாதீங்கன்னு சொல்லுங்க."