பாக்கெட் விசாரணை

இஸ்திரி வண்டிக்காரர் சடையாண்டியை நான் கடைசியாக உயிரோடு பார்த்தது ஆஸ்பத்திரிக் கட்டிலில். முப்பது வருஷமாக மனதில் கிடந்த கேள்வியை அன்று கேட்டேன்.

எனக்குப் பெண் கொடுக்குமுன் என் மாமனார், ரைஸ்மில் ஏகாம்பரம், துப்பறிகிறவர்களை வைத்து நாற்பது பக்க அறிக்கை வாங்கினார். அதில் நான் உத்தமன் என்று இருந்தது. ஒருவனை உத்தமன் என்றால் அவருக்குச் சந்தேகம் வந்துவிடும். தன் மதிலோரம் வண்டி போட்டுப் பிழைத்த சடையாண்டியிடம் போனார். மாமியாரும் வாசலில் நின்றார். ஜன்னல் வழியாகப் பார்த்த கல்யாணப்பெண் பிறகு எனக்குச் சொன்னது இது.

"டேய், அந்தப் பையன் சட்டையும் நீதானே தேய்க்கிறே? பாக்கெட்டுல என்னென்ன கிடைச்சுது, சொல்லு. இல்லேன்னா வண்டியக் கெளப்பு."

சடையாண்டி பெட்டிக் கரியை ஊதினார்.

"சொல்றேங்க. நேத்து அந்தப் பையனோட அப்பாவும் உங்க பாக்கெட்டப் பத்தித்தான் கேட்டாரு. ரெண்டையும் சேர்த்தே சொல்லிடட்டுங்களா?"

மாமனாரின் கை தானாகச் சட்டைப்பையைப் பொத்தியது. மாமியார் அந்தக் கையையே பார்த்தார்.

"வேணாம், வேணாம். தங்கமான பையன்" என்றார் மாமனார்.

"அப்படி என்னதான் இருந்தது?" என்று ஆஸ்பத்திரியில் கேட்டேன்.

"யாரு கண்டா? உங்கப்பா எங்கிட்ட எதுவும் கேக்கல. நான் யார் பாக்கெட்டையும் பாத்ததில்ல. நீங்க ஏன் தம்பி இப்ப உங்க பாக்கெட்டத் தொடுறீங்க?"

மாமனார் போய்ச் சேர்ந்துவிட்டார். என் மனைவியும் போய்விட்டாள். அறிக்கை என் பீரோவில் இருக்கிறது. அதில் நான் இன்னும் உத்தமன்.