வலியைக் கொடுத்துவிட்ட மான்

மாசி பிறந்தால் காரைக்காட்டு ஏரி வற்றிவிடும். அடித்தரை தட்டையாக, கெட்டியாகக் காயும். அங்கேதான் மிருகங்கள் பந்தாடும். பந்து பின்னுவது தூக்கணாங்குருவிகளின் வேலை. காய்ந்த சுரைக்குடுக்கையைச் சுற்றிப் புல்லை இழுத்து இழுத்துப் பின்னித் தரும். எந்தக் கால் உதைத்தாலும் அது தாங்கும், யானைக்கால் ஒன்றைத் தவிர. அதனால் யானைகள் கரையில் நின்று வேடிக்கை பார்ப்பதோடு சரி.

அந்தத் தரையில் சூறையனை மிஞ்ச ஆள் கிடையாது. சூறையன் ஒரு புள்ளிமான். பந்து அவன் காலுக்கு வந்துவிட்டால் எதிராளியின் கோட்டுக்குள் போய்த்தான் நிற்கும். எத்தனையோ கோடையாக அப்படித்தான். அவன் பெயரைச் சொல்லிக் குரங்குகள் கிளையை உலுக்கும். முயல்கள் குட்டிகளைத் தூக்கிக் காட்டும்.

செந்நாய்கள் திரியும் காட்டில் மான் எப்படி நடுத்தரையில் நின்று விளையாடும் என்று கேட்பீர்கள். கேட்க வேண்டியதுதான். அங்கே ஒரு வழக்கம் இருந்தது. பந்து உருண்டுகொண்டிருக்கும்வரை யாரும் யாரையும் கடிக்கக் கூடாது. சூரியன் மேற்கு மலையில் பட்டதும் பந்து நிற்கும். அதற்கப்புறம் அவரவர் காலை நம்பித்தான் அவரவர் வீடு போய்ச் சேர வேண்டும்.

வயதான ஆட்டக்காரர்களுக்கென்று இன்னொரு வழக்கமும் உண்டு. ஒருவன் ஆட்டத்தை விட நினைத்தால், பந்து உருண்டுகொண்டிருக்கும்போதே தரையின் நடுவில் நின்று, என் ஆட்டம் முடிந்தது என்று உரக்கச் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டால் இரண்டு பக்கத்து ஆட்டக்காரர்களும் அவனைச் சூழ்ந்து வீடுவரை கொண்டுபோய் விடுவார்கள். எதிரணியில் செந்நாய் ஆடினால் செந்நாயும் கூட நடக்கும். அன்றிலிருந்து அவன்மேல் யாரும் பல் வைக்க மாட்டார்கள். அவனும் பந்தின்மேல் கால் வைக்கக் கூடாது.

முன்பு ஒரு காட்டுப்பன்றி, தோள்பட்டை பிசகிய அன்றைக்கே அப்படிச் சொல்லிவிட்டான். கரையில் இருந்தவர்கள் பயந்தாங்கொள்ளி என்று சிரித்தார்கள். அவன் இப்போதும் கிழங்கு தோண்டித் தின்றுகொண்டு கொழுகொழுவென்று இருக்கிறான்.

இந்தக் கோடை சூறையனுக்கு நல்லபடியாக அமையவில்லை. முதல் ஆட்டத்திலேயே விலாவில் அடி. அது ஆறுவதற்குள் பின்னங்கால் முட்டி வீங்கிவிட்டது. முட்டி வற்றும் நேரத்தில் முன்னங்கால் குளம்பு பிளந்தது. ஆடிய நாளைவிடப் புதருக்குள் படுத்துக் கிடந்த நாள்தான் அதிகம். முகவாயில் நரை வேறு.

அவன் முதுகில் உண்ணி பொறுக்கும் மைனா ஒன்று உண்டு. பேர் பேச்சி. பேருக்கு ஏற்ற வாய். விட்டுவிடலாமா என்று அவன் அவளிடம்தான் முதலில் கேட்டான்.

"இதுல யோசிக்க என்ன இருக்கு அண்ணே? அடுத்த ஆட்டத்துல நடுவுல நின்னு சொல்லிரு. மரியாதையா கொண்டாந்து விடுவாங்க" என்றாள் பேச்சி.

சூறையன் பிளந்த குளம்பை நக்கிக்கொண்டான். பிறகு சொன்னான். "விட்டுட்டா நான் யாரு பேச்சி? காட்டுல எத்தனையோ மானு மேயுது. அதுல ஒண்ணாப் போயிருவேன். அத நெனச்சாத்தான் பயமா இருக்கு."

அதுதான் உண்மை. செந்நாய்க்குக்கூட அவன் அவ்வளவு பயந்ததில்லை.

மறுபடி வீங்கிய முட்டியை நனைக்கத் தண்ணீர் தேடினான். எல்லாச் சுனையும் வற்றிக் கிடந்தது, கருஞ்சுனையைத் தவிர. அது பாறை இடுக்கில் இருந்தது. உச்சிப்பொழுதிலும் அங்கே வெயில் விழாது. பறவைச் சத்தம் கிடையாது. தவளைகூட அங்கே கத்தாது. பேச்சி பாதி வழியிலேயே ஒரு மரத்தில் உட்கார்ந்துவிட்டாள். எனக்கு இறகெல்லாம் குத்திட்டு நிற்கிறது, நான் வரவில்லை என்று சொல்லிவிட்டாள்.

சூறையன் மட்டும் போய்ப் பின்னங்காலைத் தண்ணீருக்குள் விட்டான். தண்ணீர் ஆடவில்லை. கால் உள்ளே போன இடத்தில் ஒரு வளையம்கூட எழும்பவில்லை.

"ரொம்ப வலிக்குதோ?" என்று ஒரு குரல் கேட்டது.

சுற்றிலும் பார்த்தான். யாரும் இல்லை. குனிந்து பார்த்தபோது தன் முட்டியில் ஓர் அட்டை ஒட்டியிருப்பது தெரிந்தது. எப்போது ஒட்டியது என்று தெரியவில்லை. கடித்ததே தெரியவில்லை. குரல் அதனுடையதுதான்.

"ஒன் ஆட்டத்த இங்க இருந்தே கேட்டிருக்கேன். நீ ஓடுனா இந்தப் பாறை வரைக்கும் அதிரும். நீ விடக் கூடாது. அந்த வலிய எனக்குக் குடுத்துரு. வேற ஒண்ணும் வேண்டாம்" என்றது அட்டை.

"வலிய வெச்சு நீ என்ன பண்ணுவ?"

"அது என் பாடு. ஒனக்கு வலிக்காது. அது போதாதா?"

சூறையன் யோசித்தான். யோசித்துக்கொண்டிருக்கும்போதே முட்டியில் வலி குறைந்துகொண்டே வந்து காணாமல் போய்விட்டது. தண்ணீருக்கடியில் வெள்ளை வெள்ளையாக ஏதோ கிடந்தது. கிளைவிட்ட கொம்பு மாதிரி ஒன்று, தாடை எலும்பு மாதிரி ஒன்று. அதெல்லாம் யாருடையது என்று கேட்டான்.

"முன்னாடி வந்தவங்களோடது. எல்லாரும் நல்லா ஆடுனாங்க" என்றது அட்டை.

நீங்களும் நானுமாக இருந்தால் அந்த இடத்திலேயே ஓட்டம் பிடித்திருப்போம். நல்லா ஆடினார்கள் என்ற சொல்தான் சூறையன் காதில் விழுந்தது. கொம்பு மனதில் படவில்லை. விலாவையும் குளம்பையும்கூடத் தண்ணீருக்குள் இறக்கினான். சுனையின் அடியிலிருந்து இன்னும் பல அட்டைகள் மெதுவாக மேலே வந்தன.

அடுத்த ஆட்டத்தில் காடே வாயைப் பிளந்தது. பழைய சூறையன் திரும்பி வந்துவிட்டான் என்று குரங்குகள் கூத்தாடின. ஓடினான், தாவினான், பந்தைக் கோட்டுக்குள் அனுப்பிக்கொண்டே இருந்தான். இந்த ரசிகர்கள் இருக்கிறார்களே, அவர்களைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் கிடையாது. அவன் பின்னங்காலில் வரிசையாகத் தொங்கிக்கொண்டிருந்தவற்றை ஒருவர்கூடப் பார்க்கவில்லை. எல்லோர் கண்ணும் பந்தின்மேல்.

கரையில் ஒரு கூட்டம் மட்டும் பந்தைப் பார்க்கவில்லை. செந்நாய்கள். வரிசையாக உட்கார்ந்திருக்கும். கத்தாது, குதிக்காது. சூறையனின் காலை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கும். ஒவ்வோர் ஆட்டத்துக்கும் அந்த வரிசை கொஞ்சம் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தது.

போகப் போகச் சூறையனுக்கு விநோதமான காரியங்கள் நடக்க ஆரம்பித்தன. நடக்கும்போது பின்னால் யாரோ தொடர்ந்து வருவது மாதிரிக் குளம்புச் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தால் யாரும் இல்லை. அது அவனுடைய குளம்புச் சத்தம்தான். தரையில் கால் படுவது தெரியாததால் அவனுக்கு அது வேறு யாருடையதோ போலக் கேட்டது. காலையில் எழுந்தால், நிற்கிறோமா படுத்திருக்கிறோமா என்று குனிந்து பார்த்துத்தான் தெரிந்துகொண்டான்.

ஒருநாள் சாயங்காலம் தன் நிழலைப் பார்த்தான். நிழல் நொண்டியது. நான் நேராகத்தானே நடக்கிறேன், இது ஏன் நொண்டுகிறது என்று பேச்சியிடம் கேட்டான்.

பேச்சிக்கு அழுகையே வந்துவிட்டது. "நீதான் அண்ணே நொண்டுற. ஒனக்குத் தெரியல. குளம்புல வெரல் நீளத்துக்கு முள்ளு ஏறி நிக்குது, அதுவும் ஒனக்குத் தெரியல. அந்தச் சனியன்கள பிடுங்கி எறிஞ்சிட்டு நாளைக்கே சொல்லிரு. ஒன்னக் கெஞ்சிக் கேக்கேன்."

நாளைக்குக் கடைசி ஆட்டம், செந்நாய்க் கூட்டத்தோடு, அதை மட்டும் ஆடிவிட்டுச் சொல்லிவிடுகிறேன் என்றான் சூறையன். ஆடிவிட்டு எப்படிச் சொல்வது, ஆடும்போதே அல்லவா சொல்ல வேண்டும் என்று பேச்சி மண்டையில் அடித்துக்கொண்டாள். சரி சரி, ஆட்டம் முடியும் முன்னால் சொல்கிறேன் என்று அவளுக்கு வாக்குக் கொடுத்தான்.

மறுநாள் கரை கொள்ளாத கூட்டம். வெயில் மஞ்சளாக, ஒரு மாதிரி செத்துப்போன வெயிலாக அடித்தது. காற்று இல்லை. செந்நாய்களின் தலைவன் தணலன், ஆட்டம் தொடங்கும்முன் சூறையனிடம் வந்து தலை தாழ்த்திக் கும்பிட்டான்.

"அண்ணாச்சி, ஒங்க ஆட்டம்னா எங்க குடும்பத்துக்கே உசிரு. இன்னைக்கு மனசாரப் பாக்கப் போறோம்" என்றான்.

சூறையனுக்குப் பெருமை தாங்கவில்லை.

ஆட்டம் தொடங்கியது. செந்நாய்கள் அவனை மறிக்கவே இல்லை. அவன் ஓடி வந்தால் விலகி வழி விட்டன. தன்னைக் கண்டு பயப்படுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டான். பாதி ஆட்டத்தில் தரையில் அங்கங்கே சிவப்பாகக் கிடப்பதைக் கவனித்தான். பக்கத்தில் ஓடிவந்த தணலனிடம் கேட்டான்.

"யாரோட ரத்தம் இது?"

"ஒங்களோடதுதான் அண்ணாச்சி" என்றான் தணலன், ரொம்ப மரியாதையாக.

சூறையன் நின்றான். குனிந்து தன் காலைப் பார்த்தான். பின்னங்கால் முட்டிக்குக் கீழே ஒடிந்து, குளம்பு வெளிப்பக்கமாகத் திரும்பியிருந்தது. அந்தக் காலோடுதான் இவ்வளவு நேரம் ஓடியிருக்கிறான். ஒரு பொட்டு வலி இல்லை. இப்போதே சொல்லிவிட வேண்டும் என்று நொண்டிக்கொண்டே தரையின் நடுவுக்கு வந்தான். வாயைத் திறந்தான்.

அந்த நேரம் பந்து உருண்டு வந்து அவன் காலடியில் நின்றது. அனுப்பியவன் தணலன். எதிராளிக்கு யாராவது பந்து கொடுப்பார்களா? கரையில் யாரும் அதைக் கேட்கவில்லை. சூறையா, சூறையா என்று ஒரே கூச்சல். அவன் வாயை மூடிக்கொண்டு பந்தை உதைத்துக்கொண்டு ஓடினான். கோட்டுக்குள் போனது. கூச்சல் வானத்தைப் பிளந்தது.

மறுபடி நடுவுக்கு வந்தான். மறுபடி வாயைத் திறந்தான். மறுபடி பந்து வந்தது. இந்தத் தடவை வேறொரு செந்நாய். ஒவ்வொரு முறையும் அப்படியே. அவனைக் கடிக்கக் கூடாது என்பதுதானே வழக்கம்? பந்து கொடுக்கக் கூடாது என்று யாரும் சொல்லவில்லையே!

பேச்சி அவன் கொம்பில் உட்கார்ந்து காதுக்குள் கத்தினாள். சொல்லு அண்ணே, சூரியன் இறங்குது, சொல்லு என்று கத்தினாள். இதோ, இது ஒண்ணு மட்டும் என்றான் சூறையன். மலைக்கும் சூரியனுக்கும் நடுவில் ஒரு கீற்று வானம்தான் மிச்சம் இருந்தது. பந்து அவன் காலில். எதிரே கோடு காலியாகக் கிடந்தது. காவல் நின்ற செந்நாய் ஒதுங்கி உட்கார்ந்துவிட்டது.

அவன் உதைத்தான். அவன் உதைத்ததிலேயே அழகான உதை அதுதான், அதை நானும் மறுக்க மாட்டேன். பந்து கோட்டைத் தாண்டிப் போய் நின்றது. சூரியன் மலையில் பட்டது.

"என் ஆட்டம் முடிஞ்சது" என்றான் சூறையன்.

தணலன் மெதுவாக நடந்து வந்து அவன் எதிரில் உட்கார்ந்தான். "பந்து நின்னுருச்சே அண்ணாச்சி" என்றான்.

கரையில் கூட்டம் கலைந்துகொண்டிருந்தது; சூறையன் பக்கத்து ஆட்டக்காரர்களும் அதில் கலந்துவிட்டார்கள். இருட்டுவதற்குள் வீடு சேர வேண்டும் என்ற அவசரம் எல்லோருக்கும். மற்றச் செந்நாய்கள் ஒவ்வொன்றாக வந்து வட்டமாக உட்கார்ந்தன. சூறையன் ஓடப் பார்த்தான். தன் கால்களைக் குனிந்து பார்த்தான். அவை யாருடைய கால்களோ போல நின்றுகொண்டிருந்தன. குடித்து ஊதிய அட்டைகள் பொத்துப் பொத்தென்று கீழே விழுந்து, கருஞ்சுனை இருக்கும் திசையில் ஊர்ந்து போயின.

பேச்சி பறந்தாள். போய்க்கொண்டிருந்த முயல்களிடமும் குரங்குகளிடமும் தலைக்கு மேலே வட்டமடித்துக் கத்தினாள். "திரும்பி வாங்க! சூறையன் அங்க தனியா நிக்கான்! எல்லாருமா வந்தா கூட்டிட்டுப் போயிரலாம்! அவன் பேரச் சொல்லித்தான இவ்வளவு நாள் கத்துனீங்க!"

"ஆமா, சூறையன்! என்ன ஒதை, என்ன ஒதை!" என்று சொல்லிக்கொண்டே அவர்கள் நடையை எட்டிப் போட்டார்கள். பின்னால் ஏரித்தரையிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை.

உடம்பு போதும் என்று சொல்லும்போதே நிறுத்திக்கொள்ளத் தெரியாதவனை, கைதட்டுகிறவர்கள் யாரும் வீடுவரை கொண்டுவந்து விடமாட்டார்கள்.