மருந்தென்று சொல்லாத காபி

அந்த மலை மடத்தைச் சுற்றிலும் காபித் தோட்டம். பூக்கும் பருவத்தில் தியான மண்டபம்வரை மணக்கும். ஆனால் மடத்துக்குள் காபி கூடாது. மனத்தைக் கட்டிப்போடும் பானம் என்று பெரியவர்கள் எப்போதோ விலக்கிவிட்டார்கள்.

மடத்தின் தலைவி சிவகாமி அம்மை ஒரு நாள் காலையில் பேருந்து நிறுத்தத்துக் கடைக்குப் போய், எல்லாரும் பார்க்க, ஒரு டம்ளர் கடுங்காபி வாங்கிக் குடித்தார்.

மறுநாள் மடத்துப் பெரியவர்களின் சபையில் விளக்கம் சொல்ல வேண்டும் என்று தாக்கீது வந்தது.

சீடர் பொன்னுரங்கம் பதறிப்போய் அம்மையைத் தேடி வந்தார். வேதியியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். தம்மைவிடப் பதினைந்து வயது இளைய அம்மையைக் குருவாக ஏற்றவர்.

"அம்மா, ஒரு வழி இருக்கு. உங்க கல்லீரல்ல தழும்பு விழுந்திருக்கு. காபிக்கொட்டையில குளோரோஜெனிக் அமிலம்னு ஒண்ணு இருக்கு, இன்னும் என்னென்னவோ இருக்கு. காபி குடிக்கிறவங்களுக்குக் கல்லீரல் கெடுறது குறைவுன்னு ஆராய்ச்சியில சொல்றாங்க. மருந்துன்னு சொல்லிடுங்க."

"நிஜமாவா?"

"நிஜம்தான். உங்க டாக்டரே குடிக்கலாம்னாரே!"

"ஆமா, சொன்னார்," என்றார் அம்மை.

சபையின் மூத்தவர் கேட்டார்: "காபி குடிச்சது உண்மையா?"

"உண்மை."

பொன்னுரங்கத்தால் பொறுக்க முடியவில்லை. எழுந்துவிட்டார். "ஐயா, அது மருந்து! அவங்க கல்லீரலுக்கு!"

மூத்தவர் முகம் தெளிந்தது. "இதை முன்னாடியே சொல்லக் கூடாதா? மருந்துன்னா தடையில்லை."

"மருந்துக்குக் குடிக்கலை," என்றார் அம்மை. "பிடிச்சுது, குடிச்சேன். நாளைக்கும் குடிப்பேன்."

மூத்தவர் எழுந்து நின்றார்.

"அப்படின்னா பீடத்தை விட்டு இறங்கணும்."

இறங்கினார். மாற்றுப் புடவையைக் கையில் எடுத்துக்கொண்டு வாசலைத் தாண்டி நடந்தார். பொன்னுரங்கம் பின்னாலேயே ஓடினார்.

"நான் சொன்னது பொய்யில்லையே அம்மா! சும்மா தலையாட்டியிருந்தா போதுமே. ஏன் மறுத்தீங்க?"

அம்மை நின்று திரும்பினார்.

"போன மாசம் நான் ஆஸ்பத்திரியில கிடந்தப்போ, காபி குடிச்சாள்னு சமையல்கட்டு வெள்ளையம்மாவை மூட்டை கட்டி அனுப்பிட்டாங்க. அவளுக்குக் கல்லீரல் நல்லாத்தானே இருந்துச்சு, ஐயா?"