யார் சொன்ன ரைட்டு?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தப் புதிரில் ரத்தம் உண்டு. மனம் தாங்காதவர்கள் குறுக்கெழுத்துப் பக்கத்துக்குப் போய்விடலாம். மற்றவர்கள் நிதானமாகப் படித்துவிட்டு விடை சொல்லுங்கள். அவசரப்பட்டவர்கள் எல்லோரும் இதுவரை தப்பாகத்தான் சொல்லியிருக்கிறார்கள்.

செங்கல்பட்டுக்கு அப்பால் பவளத்தீவு என்று ஒரு தீம் பார்க். வண்டிகளை நிறுத்தும் இடத்திலிருந்து ராட்டினங்களுக்குப் போக நான்கு பெட்டிகள் கோத்த பேட்டரி ரயில் ஓடுகிறது. தண்டவாளம் கிடையாது, ரப்பர் சக்கரம்தான். ஓட்டுபவர் தணிகாசலம், இருபத்திரண்டு வருடம் டவுன் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். சக்கர நாற்காலிக்குக் கடைசிப் பெட்டியில் மட்டும் இடம் உண்டு, ஏற்றுவதற்கு ஓர் இரும்புச் சாய்பலகை. அந்தப் பலகையைப் போடவும் எடுக்கவும், நான்கு பெட்டிக்கும் சங்கிலி மாட்டவும் இருப்பது இருதயராஜ் என்ற ஒரே ஆள்.

முன்பு கடைசிப் பெட்டியில் ஒரு மணி இருந்தது. எல்லோரும் ஏறி முடித்ததும் இருதயராஜ் இரண்டு முறை அடிப்பார், வண்டி கிளம்பும். குழந்தைகள் அதை இழுத்து விளையாடுகிறார்கள், நேரம் வீணாகிறது என்று மேனேஜர் கழற்றிவிட்டார். ஒரு சுற்றைப் பன்னிரண்டு நிமிடத்தில் முடிக்க வேண்டும், பெட்டியில் ஆள் இருக்கும்போது டிரைவர் சீட்டை விட்டு இறங்கக் கூடாது என்பதும் அவர் உத்தரவு. அப்புறம் எதை வைத்துக் கிளம்புவது என்று தணிகாசலம் கேட்டதற்கு, வாயால் சொல்லிக்கொள்ளுங்கள் என்றாராம். பஸ்ஸில் பழகிய காதுக்கு வேறென்ன வரும்? கிளம்ப ‘ரைட்’, நிறுத்த ‘ஹோல்டான்’.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணிக்கு மங்கையர்க்கரசி வந்தாள். தாலுகா ஆபீசில் வேலை பார்ப்பவள், ஒரு விபத்தில் இடுப்புக்குக் கீழே உணர்ச்சியை இழந்தவள். கூட வந்தவன் தம்பி புகழேந்தி, லாரிக்கு பாடி கட்டும் பட்டறையில் இருப்பவன். நாற்காலியை ஏற்ற நேரம் பிடித்தது. முன் பெட்டிக்காரர்கள் முணுமுணுத்தார்கள், ஒருவர் வாட்சைத் தட்டிக் காட்டினார். நாற்காலியின் முன் சக்கரங்கள் பெட்டிக்குள் ஏறிவிட்டன, பின் சக்கரங்கள் இன்னும் பலகைமேல் இருந்தன. பின்னாலிருந்து புகழேந்தி தள்ளினான். குனிந்து பலகையைத் தாங்கிக்கொண்டிருந்த இருதயராஜுக்கு மேலே எதுவும் தெரியவில்லை.

“அக்கா, முன் வீல் உள்ள வந்துடுச்சா?” என்று கேட்டார்.

“ரைட்டு” என்றாள் அவள்.

வண்டி கிளம்பியது.

பலகை சரிந்து இருதயராஜின் இரண்டு விரல்களை நசுக்கியது. புகழேந்தி மல்லாக்க விழுந்தான். நாற்காலி கவிழ்ந்து, மங்கையர்க்கரசியின் வலது கால் படியில் மாட்டிக்கொள்ள, இருபதடி தூரம் தார் ரோட்டில் இழுபட்டாள். முழங்காலுக்குக் கீழே சதை பிய்ந்து எலும்பு தெரிந்தது. பார்த்தவர்கள் ஐயோ அம்மா என்று அலறினார்கள். அந்த இடத்தில் நாள் முழுக்க யாராவது ராட்டினத்தில் அலறிக்கொண்டுதான் இருப்பார்கள், அதை யார் பொருட்படுத்துவது? அவள் மட்டும் ‘ஹோல்டான்’ என்று கத்தினாள். அந்தச் சொல்லுக்குத் தணிகாசலத்தின் கால் தானாகவே பிரேக்கை மிதித்தது.

அவளுக்கு வலிக்கவில்லை. ரத்தத்தைப் பார்த்த தம்பிக்குத்தான் வெறி ஏறியது. பலகையின் முட்டுக்கம்பியை உருவிக்கொண்டு ஓடி, தணிகாசலத்தைச் சட்டையைப் பிடித்துக் கீழே இழுத்துப் போட்டான். முதல் அடியில் தோள்பட்டை உடைந்தது. இரண்டாவது அடி தாடையில். மூன்றாவது இடது கண்ணில் இறங்கியது. சற்று முன் வாட்சைத் தட்டியவர் ஓடிவந்து விலாவில் உதைத்தார். தர்ம அடி என்றால் நம் ஜனங்களுக்கு எங்கிருந்துதான் அத்தனை வீரம் வருமோ, வெட்கக்கேடு. புகழேந்தி நான்காவது முறை மண்டைக்குக் குறிவைத்துக் கம்பியை ஓங்கினான்.

“டேய் புகழ், அவரை விடுடா. ரைட்டுன்னு சொன்னது நான்.”

ரோட்டில் கிடந்தபடியே அவள் சொன்னாள். தம்பியின் கை நின்றது.

மங்கையர்க்கரசியின் காலை முழங்காலோடு எடுத்தார்கள். தணிகாசலத்தின் இடது கண்ணுக்குப் பார்வை திரும்பவில்லை. புகழேந்தியைப் போலீஸ் கொண்டுபோனது. கால் போனதற்கு யார் காரணம் என்று இன்ஸ்பெக்டர் ஆஸ்பத்திரிக்கு விசாரிக்க வந்தார். தன் வாய்தான் காரணம், வேறு யாரையும் இழுக்க வேண்டாம் என்றாள் மங்கையர்க்கரசி. தாடையில் கம்பி கட்டியிருந்த தணிகாசலம் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார்: ‘கேட்டது பெண் குரல். யோசிக்காமல் வண்டியை எடுத்துவிட்டேன். தப்பு என்னுடையது.’ நான் கேட்காமல் இருந்திருந்தால் அந்த அக்கா ஏன் வாயைத் திறக்கப் போகிறார், என்னைப் பிடியுங்கள் என்று அழுதார் இருதயராஜ். மூன்று பேர் ஒப்புக்கொண்டதும் மேனேஜர் நிம்மதியாக டீ வரவழைத்தார்.

இப்போது சொல்லுங்கள். இந்த மூவரில் யார் சொன்னது சரி? இன்ஸ்பெக்டர் யார் பெயரை எழுத வேண்டும்?

விடை: மூவர் சொன்னதும் சரியில்லை. கண்ணுக்குப் புகழேந்தி பதில் சொல்லியே ஆக வேண்டும், அதில் புதிர் எதுவும் இல்லை. காலுக்கு எழுத வேண்டியது மேனேஜரின் பெயர். ‘ரைட்டு’ என்பது நம்மிடம் கிளம்பு என்பதற்கும் சொல், சரி என்பதற்கும் சொல். மணிக்கு அந்தக் குழப்பம் கிடையாது. அதைக் கழற்றியவரே, டிரைவர் இறங்கிப் பார்ப்பதையும் தடுத்து வைத்திருந்தார். அந்த ரயிலில் தினம் நூறு பேர் செல்போனில் ரைட்டு, ரைட்டு என்று பேசியிருப்பார்கள். அவர்கள் ஒரே எட்டில் ஏறி உட்கார்ந்துவிடுகிறவர்கள், வண்டி முந்திக் கிளம்பினாலும் ஒரு குலுங்கலோடு போய்விடும். மங்கையர்க்கரசிக்கு ஏற நான்கு நிமிடம் வேண்டும், அந்த நான்கு நிமிடத்துக்குக் காவல் இருந்தது மணி ஒன்றுதான். இன்ஸ்பெக்டர் கடைசியில் யார் பெயரை எழுதினார் என்கிறீர்களா? ஒற்றைக் கண்ணோடு கட்டிலில் கிடந்த தணிகாசலத்தின் பெயரை.