தாசில்தாரை வளர்த்த வள்ளிக்கண்ணு அம்மையார்

வயிரவர் கோயில் மடப்பள்ளியில் பாத்திரம் துலக்குவதே வள்ளிக்கண்ணு அம்மையாரின் திருப்பணி. உருளியின் அடிப்பிடிப்பைச் சுரண்டும்போதும் அவர் வாய் "வயிரவா, வயிரவா" என்றே சொல்லும். சுரண்டிய பொங்கலெல்லாம் போய்ச் சேர்ந்தது அவர் வளர்த்த நாயின் வயிற்றுக்கு. அதன் தொந்தியையும் நடையையும் பார்த்துத் தெருவே அதற்குத் தாசில்தார் என்று பெயர் வைத்துவிட்டது. கணவரும் பிள்ளையும் இல்லாத அம்மையாருக்கு உறவென்று சொல்லிக்கொள்ள அந்த ஓர் உயிர்தான்.

எதிர்வீட்டு ஆடிட்டர் சிதம்பரநாதனுக்கு இது பொறுக்கவில்லை. "சாமி வாகனம்னு சொல்லிக்கிட்டுத் தெருநாயைக் கொழுக்க வைக்கிறா" என்று பார்ப்பவரிடமெல்லாம் சொன்னார். பிடித்துப் போகச் சொல்லி நகராட்சிக்கு இரண்டு மனுவும் போட்டார். அம்மையார் அவர் வாசலைக் கடக்கையில் திருநீற்றை இன்னும் கொஞ்சம் பூசிக்கொள்வார், அவ்வளவே.

அந்த ஆடிட்டர் வீட்டு நாய் ரூபிக்கு, ஏசி அறையில் படுக்கும் ரூபிக்கு, உண்ணிக் காய்ச்சல் வந்தது. ரத்தம் குறைந்து ஈறெல்லாம் வெளுத்துவிட்டது. இருபத்தைந்து கிலோவுக்கு மேலுள்ள, நோயில்லாத நாய் ஒன்று மாலைக்குள் ரத்தம் கொடுத்தால்தான் பிழைக்கும் என்றார் டாக்டர். தெருவில் அந்த எடைக்கு வேறு யார் இருக்கிறார்? ஆடிட்டர் செருப்புக்கூடப் போடாமல் மடப்பள்ளி வாசலில் வந்து நின்றார்.

அம்மையார் துலக்கிய உருளியைக் கீழே வைத்தார். இருக்கும் ஒரே உறவின் கழுத்தில் ஊசியா? வயிரவரைக் கேட்டுச் சொல்வதாகச் சொல்லி, செவ்வரளியும் நந்தியாவட்டையும் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டிச் சந்நிதியில் போட்டார். வெள்ளை வந்தால் சம்மதம், சிவப்பு வந்தால் கூடாது. ஊர் வழக்கம் அதுதான். அவர் எடுத்த பொட்டலத்தைக் குருக்கள் பிரித்தார். சிவப்பு.

ஆடிட்டர் தூணில் சாய்ந்துவிட்டார். வேடிக்கை பார்க்க வந்தவர்கள்கூட உச்சுக் கொட்டினார்கள். அம்மையார் மட்டும் அந்தப் பூவையே பார்த்திருந்தார்.

"வண்டியை எடுக்கச் சொல்லுங்க, ஆடிட்டரய்யா."

"சிவப்பு வந்திருக்கேம்மா?"

"ரத்தம் சிவப்புத்தானே? சாமி கேட்டுட்டாரு. நான் எப்படி இல்லைங்கறது?"

சோதித்துப் பார்த்ததில் ரத்தம் பொருந்தியது. தாசில்தார் மேசையில் படுத்திருக்க, அம்மையார் அதன் காதில் வயிரவர் நாமத்தை ஓதிக்கொண்டே இருந்தார். பொழுது சாய்வதற்குள் ரூபி தலைதூக்கித் தண்ணீர் குடித்தது. தாசில்தார் ஒரு பிஸ்கட் பாக்கெட்டை உறையோடு தின்றது. அம்மையாருக்கு அப்போதுதான் மூச்சே வந்தது. ஆடிட்டர் துடைத்தது கண்ணீரா வியர்வையா என்பதில் மட்டும் தெருவில் இன்னும் இரண்டு கட்சி.

மறுநாள் தேய்பிறை அஷ்டமி. வயிரவருக்குச் சாத்திய மாலை நழுவி, அருகே நிற்கும் கல்நாயின் கழுத்தில் விழுந்தது. குருக்கள் எடுத்துச் சாத்தினார். மறுபடியும் அங்கேயே விழுந்தது. மூன்றாம் முறை, "இருக்கட்டும், அவர் இஷ்டம்" என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். முடிச்சு சரியில்லை என்று சொல்பவர்கள் சொல்லிக்கொள்ளட்டும்.

வள்ளிக்கண்ணு அம்மையார் திருத்தாள் வாழ்க; தாசில்தாரின் நான்கு தாள்களும் வாழ்க.