அட்டைப் படத்தில் இடம்

முன்பு ஒரு கதைப் புத்தகம் இருந்தது. ஆட்சியில் இருப்பவர்களை விலங்குகளாக்கிக் கேலி செய்யும் புத்தகம். நரி ஒன்று காட்டுக்கு ராஜாவாகிப் புல்வெளியை எல்லாம் வளைத்துப் போடும். கடைசிப் பக்கத்தில் ஆடுகள் திரண்டு அதைத் துரத்திவிடும். வந்த பதிப்புகள் எல்லாவற்றிலும் அப்படித்தான் நடந்தது.

புதிய பதிப்பைப் படங்களோடு கொண்டுவர ஏற்பாடானது. தூரிகை வந்து உள்பக்கங்களில் ஆடுகளைக் கொம்பும் குளம்புமாக வரைந்து முடித்தது. அட்டையும் கடைசிப் பக்கமும்தான் பாக்கி.

நரி மெல்ல வந்து நின்றது.

“அட்டையிலே என்ன போடப்போறே, தூரிகையக்கா?”

“ஒரு மரம், ஒரு நிலா.”

“நிலாவுக்கு எந்தத் தொகுதியிலே ஓட்டு இருக்கு? நடுவிலே என்னைப் போடு. முழு உருவம், கும்பிட்ட மாதிரி. கீழே வட்டம் வட்டமா நம்ம ஆடுகளோட முகம். கல்யாண பேனர்லே போடுவாங்கல்ல, அந்த மாதிரி.”

சேதி கசிந்தது. ஆடுகள் பக்கத்துக்குப் பக்கம் தாவி, பத்திகளை மிதித்துக்கொண்டு ஓடிவந்தன. இரண்டு காற்புள்ளிகள் நசுங்கின.

“தலைவர் காலுக்கு நேரா என் முகம் வரணும்” என்றது செவலை ஆடு.

“போன கூட்டத்துக்கு நீ வரவே இல்லை. உனக்கு ஓரம்தான்” என்றது கறுப்பு ஆடு.

“வாழ்க சொல்லியே தொண்டை கட்டிப்போனவன் நான்.”

“கதை முழுக்க மே-ன்னுதானே கத்தினே?”

“மனசுக்குள்ளே வாழ்கன்னுதான் நினைச்சேன்.”

தூரிகை நடுவில் புகுந்தது. “கொஞ்சம் கேளுங்க. இந்தப் புத்தகத்திலே ஆளுக்கு ஒரு உருவம்தான். முகத்தை அட்டைக்குக் கொண்டுபோனா, உள்ளே இருக்கிற உடம்பை அழிச்சிடுவேன். கடைசிப் பக்கத்துக்கு நீங்க வேணும்.”

“கடைசிப் பக்கத்தை யாரு படிக்கிறா?” என்றது செவலை. “அட்டையை ஊரே பார்க்கும். என் மாமியார் வீட்டு மந்தையே பார்க்கும்.”

“அக்கா, சீக்கிரம்” என்றது கறுப்பு. “இடம் போயிடும்.”

“எல்லாரையும் சிரிச்ச மாதிரி போடு” என்றது நரி.

தூரிகை போட்டது. ஆடுகளுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். வட்டத்துக்கு வட்டம் வாழ்த்துச் சொல்லிக்கொண்டன.

பிறகு தூரிகை கடைசிப் பக்கத்துக்குப் போனது. ‘ஆடுகள் நரியைத் துரத்தின’ என்ற வாசகம் தயாராக நின்றது. கீழே பச்சைப் புல்வெளியை வரைந்துவிட்டு அது குரல் கொடுத்தது.

“வாங்கப்பா. துரத்தணும்.”

நரிதான் வந்தது. அட்டையிலிருந்து இறங்கி, பக்கங்களின் நடுவே நிதானமாக நடந்து வந்து, புல்லைத் தடவிப் பார்த்தது.

“செவலை, எங்கே போனே?” என்றது தூரிகை.

“வரணும்னுதான் இருக்கு, அக்கா” என்று அட்டையிலிருந்து பதில் வந்தது. “கால் இல்லையே.”

நரி காலை நீட்டிப் படுத்தது. புல்லை ஒரு வாய் கடித்து, பிடிக்காமல் துப்பியது. எழுந்திருக்கவில்லை.

ஆடுகளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஆனால் அத்தனையும் சிரித்துக்கொண்டுதான் இருந்தன.