வெள்ளைப் பசு படுத்த இடத்தில் எழுந்த தலைநகர்

கேளுங்கள், எல்லோரும் கேளுங்கள்! காடு பெரிதாகவும் நாடு சிறிதாகவும் இருந்த காலத்தில், வெண்கோடன் என்றொரு குட்டி அரசன் இருந்தான். நாடும் குட்டி, ஆளும் குட்டி, தைரியமோ அதைவிடக் குட்டி.

ஒரு மழைக்காலத்தில் ஆறு பெருகி அவன் தலைநகரைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டது. உடனே மூன்று ஊர்த் தலைவர்களும் வந்து நின்றார்கள்.

"புதுத் தலைநகர் பனங்குடிதான்" என்றார் பனங்குடித் தலைவர். "கல்மேடுதான்" என்றார் கல்மேட்டுத் தலைவர். "ஆற்றூர்தான். இல்லையென்றால் நாங்கள் வடக்கே இருக்கும் பேரரசரோடு சேர்ந்துகொள்வோம்" என்றார் ஆற்றூர்த் தலைவர். மற்ற இருவரும் அதே மிரட்டலை விட்டார்கள்.

வெண்கோடன் விரல்விட்டு எண்ணிப் பார்த்தான். மூன்று ஊரும் போய்விட்டால் நாட்டில் மிஞ்சுவது அவனும் அவன் பல்லக்கும்தான்.

அந்த நாட்டில் ஒரு வழக்கம் உண்டு. அரண்மனை வெள்ளைப் பசுவை அவிழ்த்துவிடுவார்கள். அது படுத்து அசைபோடும் இடத்தில் தலைநகர் கட்டுவார்கள். பழியைப் பசுவின் தலையில் போட்டுவிடலாம் என்று மகிழ்ந்த அரசன் அதை அவிழ்த்துவிட்டான்.

ஊர்க்காரர்கள் சும்மா இருப்பார்களா? பனங்குடியார் வழியெல்லாம் பச்சைப்புல் பரப்பினார்கள். கல்மேட்டார் பருத்திக்கொட்டை அரைத்து வைத்தார்கள். ஆற்றூரார் அண்டா அண்டாவாகப் புண்ணாக்குக் கரைத்தார்கள். பசு புல்லைத் தின்றது, பருத்திக்கொட்டையைத் தின்றது, புண்ணாக்குத் தண்ணீரையும் குடித்தது. பிறகு நடக்க முடியாமல், மூன்று ஊருக்கும் நடுவிலிருந்த கள்ளிக்காட்டில் தொப்பென்று படுத்துவிட்டது.

"இங்கேயா!" என்று மூவரும் தலையில் கைவைத்தார்கள். வழக்கத்தை யார் மீறுவது? தலைநகர் அங்கேயே எழுந்தது. புது மதில், புது அரண்மனை, புதுத் தெருக்கள், எல்லாம் வந்தன. ஆனால் குடியிருக்க ஈ காக்கைகூட வரவில்லை.

காலித் தெருவில் தனியாக நடந்த வெண்கோடனுக்கு அழுகை வந்தது. அழுது முடித்ததும் ஒரு யோசனையும் வந்தது.

"அடுத்த அறுவடையன்று இங்கே குடியிருப்போரின் தலை எண்ணுவோம். எந்த ஊர்க்காரர் அதிகமோ, அந்த ஊர்ப் பெயரே தலைநகருக்கு" என்று முரசறைந்தான். "ஆனால் வீடு நான் காட்டும் வீடுதான்."

போட்டி என்றதும் வண்டி வண்டியாக ஆட்கள் வந்து இறங்கினார்கள். பனங்குடியாருக்குப் பக்கத்தில் கல்மேட்டார், அவருக்குப் பக்கத்தில் ஆற்றூரார் என்று கலந்து கலந்து குடிவைத்தான் அரசன். தெருவுக்கு ஒரே கிணறு, கிணற்றுக்கு ஒரே கயிறு. "சரியான கஞ்சன்" என்று எல்லோரும் திட்டினார்கள்.

கிணற்றடியில் முதலில் சண்டை நடந்தது. பிறகு சண்டையை விசாரிக்கும் பேச்சு நடந்தது. பிறகு உப்பும் மிளகாயும் கைமாறின, குழம்பும் கைமாறியது, பெண் கொடுக்கல் வாங்கலும் நடந்தது. அரசன் மாடத்தில் நின்று அதையெல்லாம் ஒட்டுக்கேட்டுக்கொண்டிருந்தான்.

அறுவடை நாள் வந்தது. மூன்று தலைவர்களும் தலை எண்ணப் புறப்பட்டார்கள். முதல் கிணற்றடியில் கல்மேட்டுத் தலைவரின் சொந்த மகள் பூவாயி தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தாள். தலைவர் மீசையை முறுக்கிக்கொண்டு, "நீ எந்த ஊரு, எல்லாருக்கும் கேக்கச் சொல்லு தாயி!" என்றார்.

"இதென்னப்பா கேள்வி? இதே ஊருதான். பக்கத்து வீட்டுக்காரிக்குப் பிரசவ வலி, வெந்நீர் வைக்கணும். வழியை விடுங்க!" என்று குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

அந்தப் பக்கத்து வீட்டுக்காரி ஆற்றூர்ப் பெண். அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் பனங்குடிக்காரி. அடுத்த தெருவிலும் அதே பதில்தான், அதற்கடுத்த தெருவிலும் அதே பதில்தான். எண்ண வந்த மூவருக்கும் தம் ஊர்க்காரர் என்று எண்ண ஒருவரும் அகப்படவில்லை.

மாடத்தில் நின்ற வெண்கோடன் அரசன் என்பதையும் மறந்து துள்ளிக் குதித்தான். கிரீடம் கீழே விழுந்தது. தலைவர்களே பெயர்ப் போட்டியை மறந்து, சிரித்தபடி அதை எடுத்துக் கொடுத்துவிட்டு, பிறந்த குழந்தையைப் பார்க்கப் போனார்கள்.

ஆகையால் பிள்ளைகளே, பெரியவர்களே, இந்தக் கதை சொல்லும் நீதி இதுதான்: அக்கம்பக்கத்தாரோடு ஒருவருக்கொருவர் உதவி வாழும் இடமே ஒருவரின் சொந்த ஊர்.